வகுப்பறையில் நேரலைக் கடல்தரவு: ஒரே ஒரு மிதவையில் தொடங்குங்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கடல் பற்றிய தரவுகள் இணையத்தில் உடனுக்குடன் கிடைக்கின்றன என்று ஒரு பயிற்சியில் கேள்விப்பட்டு ஆசையாகத் தொடங்கினேன். முதல் நாள், நீரோட்டங்கள் சுழன்று ஓடும் உலக வரைபடத்தை ப்ரொஜெக்டரில் காட்டினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் ஆர்வம் வடிந்துவிட்டது. அடுத்த வகுப்பில் ஒரு கடல் மிதவையின் தரவுப் பக்கத்தைத் திறந்தேன். எண்ணாகக் கொட்டியது. பாதிக் கட்டங்களில் 'எம்எம்' என்று இருந்தது. ஒரு மாணவி பழைய கோப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, "கடல் 999 டிகிரியில கொதிக்குதா மிஸ்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சக ஆசிரியர் ஒருவர், "பாடப்புத்தகத்திலேயே தெளிவான வரைபடம் இருக்கும்போது இது எதற்கு?" என்கிறார். எங்களிடம் ஒரே கணினி. இணையம் வரும், போகும். இதைத் தொடர்வதா, விட்டுவிடுவதா? தொடர்ந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொடருங்கள். உங்கள் மாணவி கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கடலிலிருந்து வரும் தரவுகளைச் சரிபார்ப்பது என் தொழில். ஒரு எண்ணைப் பார்த்து 'இது எப்படி இருக்க முடியும்?' என்று நிறுத்திக் கேட்பதுதான் அந்தத் தொழிலின் ஆரம்பம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் அதைச் செய்துவிட்டாள்.

உங்கள் சக ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆழம் கூடக்கூடக் கடலின் வெப்பநிலை எப்படி மாறுகிறது, ஓதம் ஏன் ஏறி இறங்குகிறது போன்றவற்றை முதன்முதலாகச் சொல்லித்தரும் நாளில் பாடப்புத்தக வரைபடமே மேல். சுத்தமான கோடு, ஒரே கருத்து, குழப்பம் இல்லை. நேரலைத் தரவைக் கொண்டு ஒரு கருத்தை அறிமுகம் செய்ய முயன்றால் மாணவர்கள் இரண்டு சுமையை ஒரே நேரத்தில் தூக்க வேண்டிவரும். ஆகவே புத்தகத்தை முதலில் முடித்துவிடுங்கள். ஆனால் அந்த வரைபடத்தைப் போட்டவர் எதை வைத்துக்கொண்டார், எதைத் தூக்கி எறிந்தார், எந்த நேரத்தை எந்த அச்சில் வைத்தார் என்பதெல்லாம் அதில் தெரியாது. அந்த முடிவுகளை மாணவர்களே எடுத்துப் பார்ப்பதற்குத்தான் நேரலைத் தரவு வேண்டும். அப்புறம் இன்னொன்று: நாளைக்கு அந்த மிதவை என்ன சொல்லும் என்பது உங்களுக்கும் தெரியாது. ஆசிரியருக்கே விடை தெரியாத கேள்வியை வகுப்பு முழுவதும் சேர்ந்து துரத்துவது பள்ளியில் அபூர்வமாகக் கிடைக்கும் அனுபவம்.

கடலுக்கு ஏன் 'உடனுக்குடன்' தேவை என்று பிள்ளைகள் கேட்டால் 1982-ஆம் ஆண்டைச் சொல்லுங்கள். அந்த ஆண்டு பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் பெரிதாகச் சூடேறின. இப்படிச் சூடேறுவதற்கு எல் நினோ என்று பெயர்; அந்த நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு மெக்சிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்து, அதன் நுண்துகள் படலம் வளிமண்டலத்தின் உயரத்தில் பரவியிருந்தது. அந்தப் படலத்தின் வழியாகப் பார்த்த செயற்கைக்கோளுக்குக் கடல் உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரிந்தது. நிலவரத்தை அன்றாடம் நேரில் அளந்து அனுப்பக் கடலுக்குள் போதுமான கருவிகள் இல்லை. எல் நினோ நன்றாக முற்றிய பிறகுதான் விஞ்ஞானிகள் அதை அடையாளம் கண்டார்கள். அந்த அடிக்குப் பிறகு பசிபிக்கின் நிலநடுக்கோட்டை ஒட்டி நங்கூரமிட்ட சுமார் 70 மிதவைகளை வரிசையாக நிறுத்தினார்கள். 1994-இல் அந்த வரிசை முழுமையடைந்தது. இன்று எல் நினோ வருகிறது என்று மாதக்கணக்கில் முன்கூட்டியே செய்தி வருவதில் அந்த மிதவைகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நீங்கள் திறந்து பார்த்த எண் குவியல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரே ஒரு மிதவையை எடுத்துக்கொள்ளுங்கள். பருவம் முழுக்க அதை விடாதீர்கள். இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. இன்று நீரோட்டம், நாளை பவளப்பாறை, மறுநாள் பனிப்பாறை என்று தளம்தளமாகத் தாவினால் நீங்கள் பார்த்த மாதிரியே ஆர்வம் பத்து நிமிடத்தில் வடிந்துவிடும். ஒரே இடத்தை மூன்று வாரம் தொடர்ந்து பார்த்த மாணவருக்கு அங்கே சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. சாதாரணம் தெரிந்தவருக்குத்தான் அசாதாரணம் கண்ணில் படும்.

அமெரிக்காவின் தேசியத் தரவு மிதவை மையம் தன் மிதவைகளின் அளவீடுகளை யாரும் பார்க்கும்படி இலவசமாகத் தருகிறது. ஒவ்வொரு மிதவைக்கும் தனிப் பக்கம் உண்டு. அதில் கடைசி 45 நாள் தரவு வெறும் எழுத்துக்கோப்பாகக் கிடைக்கும். நீங்கள் திறந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கோப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் வரியில் ஒவ்வொரு பத்திக்கும் சுருக்கப்பெயர். இரண்டாவது வரியில் அலகு. இடப்பக்கம் ஐந்து பத்திகளில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம். பிறகு காற்றின் திசை, வேகம், திடீர் வீச்சின் வேகம். அலையின் உயரம், அலைவு நேரம். காற்றழுத்தம், காற்றின் வெப்பநிலை, நீரின் வெப்பநிலை. முதல் நாள் இவ்வளவையும் காட்ட வேண்டாம். நேரத்தையும் நீரின் வெப்பநிலையையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பத்திகளை மறைத்துவிடுங்கள். அடுத்த வாரம் காற்று, அதற்கடுத்து அலை.

இந்தக் கோப்பில் மூன்று இடத்தில் மாணவர்கள் இடறுவார்கள். இடறட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

முதலாவது, புதிய அளவீடு மேலே இருக்கும், பழையது கீழே. அப்படியே கோட்டு வரைபடம் போட்டால் காலம் வலமிருந்து இடமாக ஓடும். ஏறும் வெப்பநிலை இறங்குவதுபோலத் தெரியும். யாராவது கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது. கோப்பில் உள்ள நேரம் அந்த இடத்தின் கடிகார நேரம் கிடையாது. உலகப் பொது நேரம். ஹவாய்த் தீவுகளுக்கு அருகே உள்ள ஒரு மிதவையை எடுத்து, காற்று ஓய்ந்த நாள்களில் நீரின் வெப்பநிலையை மணிவாரியாக வரையச் சொல்லுங்கள். ஒரு நாளுக்குள் அது மிகக் கொஞ்சமாக, பெரும்பாலும் ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான், ஏறி இறங்கும். உச்சம் நள்ளிரவை ஒட்டி வரும்! நள்ளிரவில் கடல் ஏன் சூடாகிறது என்று வகுப்பில் கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பகலில் வாங்கிய வெப்பத்தைக் கடல் தேக்கி வைக்கிறது, நீருக்கு வெப்ப ஏற்புத்திறன் அதிகம் என்றெல்லாம் கெட்டிக்காரத்தனமான விளக்கங்கள் வரும். யாராவது ஒருவர் நேரத்தைச் சந்தேகிக்கும்வரை விட்டுவிடுங்கள். ஹவாயின் நேரம் உலகப் பொது நேரத்துக்கு 10 மணி நேரம் பின்னால் இருக்கிறது. கோப்பில் நள்ளிரவு 12 என்றால் அங்கே பிற்பகல் 2 மணி. இயற்கையை விளக்கப் போவதற்கு முன் அளவீட்டை விசாரிக்க வேண்டும் என்பதை இதைவிட நன்றாகச் சொல்லித்தரும் பயிற்சியை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, உங்களைத் திணற வைத்த எம்எம். அந்தக் கட்டத்தில் அளவீடு இல்லை என்று அர்த்தம். ஆனால் 'இல்லை' என்பதற்குப் பல காரணம் உண்டு. நிறைய மிதவைகள் காற்றை 10 நிமிடத்துக்கு ஒரு முறை பதிகின்றன. அலையை அப்படிச் சொல்ல முடியாது; சுமார் 20 நிமிடம் மேலும் கீழும் அசைந்ததைப் பதிவு செய்து கணக்குப் போட்டால்தான் அலையின் உயரம் கிடைக்கும். அதனால் அது மணிக்கு ஓரிரு முறைதான் வரும், இடைப்பட்ட வரிகளில் எம்எம். கோப்பில் ஓதத்துக்கு ஒரு பத்தி இருக்கும். ஆழ்கடலில் மிதக்கும் மிதவை ஓதத்தை அளப்பதில்லை, ஆகவே அந்தப் பத்தி முழுக்க எம்எம். இவை எதுவும் கோளாறு இல்லை. நீரின் வெப்பநிலை மட்டும் திடீரென்று மூன்று நாள் எம்எம் என்று வந்து, காற்றும் அழுத்தமும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தால், அந்த உணரியில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கலாம். எல்லாப் பத்தியும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் மின்சாரமோ தகவல் தொடர்போ போயிருக்கலாம். காலியாக இருக்கும் கட்டங்களை வைத்தே மிதவைக்கு என்ன நேர்ந்தது என்று யோசிக்க முடிகிறது, பாருங்கள்.

999-உம் இதே கதைதான். பழைய தரவுக் கோப்புகளில் அளவீடு இல்லாத இடத்தில் வெப்பநிலைக்கு 999 என்று நிரப்பி வைத்திருப்பார்கள். மனிதக் கண்ணுக்கு உடனே தெரியட்டும் என்று வேண்டுமென்றே நடக்க முடியாத எண்ணைப் போட்ட ஏற்பாடு அது. கணினிக்கு அது தெரியாது. ஒரு நாளில் 24 அளவீடு, 23-இல் கடல் 28 டிகிரி, ஒன்றில் 999 என்று வைத்து மாணவர்களைச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். 68 டிகிரிக்கு மேல் வரும். ஒரே ஒரு கட்டம் ஒரு நாளையே கெடுத்துவிடுகிறது. அந்த மாணவியிடமே இந்தக் கணக்கைக் கொடுங்கள். அவள் கேள்விக்கு அவளே பதில் எழுதட்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. இப்படிப் பழகிய பிள்ளைகள் உற்சாகத்தில் வித்தியாசமான எண்ணையெல்லாம் 'பிழை' என்று அடித்துத் தள்ளத் தொடங்குவார்கள். அலை உயரம் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டருக்குத் தாவினால் அது பிழையா, புயலா? அதே மிதவையின் மற்ற பத்திகளைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றழுத்தம் சரிந்திருக்கிறதா? காற்று வேகம் கூடியிருக்கிறதா? பக்கத்து மிதவையிலும் சில மணி நேரம் முன்னே பின்னே அதே மாற்றம் இருக்கிறதா? எல்லாம் சேர்ந்து அசைந்திருந்தால் கடல்தான் பேசுகிறது. அலை உயரம் மட்டும் ஒரே ஒரு வரியில் எகிறி, அடுத்த வரியில் பழைய இடத்துக்கு வந்திருந்தால் சந்தேகப்படலாம். நாங்களும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறோம், என்ன, எங்களுக்கு உதவியாக நிறைய நிரல்கள் இருக்கின்றன.

காற்றே இல்லாமல் அலை மட்டும் நாள்கணக்கில் பெரிதாக வந்துகொண்டிருந்தால்? அந்த நாளுக்காகக் காத்திருங்கள். வடகோளத்தின் குளிர்காலத்தில், அதாவது நவம்பரிலிருந்து மார்ச் வரை, ஹவாய்க்கு வடமேற்கே உள்ள மிதவைகளில் இது அடிக்கடி நடக்கும். மிதவை நிற்கும் இடத்தில் காற்று சாது. ஆனால் அலைவு நேரம், அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட நேரம், சட்டென்று 20 நொடிக்குப் போயிருக்கும். அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயலில் பிறந்த அலைகள்.

ஆழ்கடலில் அலைவு நேரம் அதிகமுள்ள அலை வேகமாகப் பயணிக்கும். ஓட்டப்பந்தயத்தில் எல்லோரும் ஒரே கோட்டில் கிளம்பினாலும் தூரம் கூடக்கூட வேகக்காரர் முன்னேறி இடைவெளி விரிவதுபோல, புயலிலிருந்து ஒன்றாகக் கிளம்பிய அலைகள் வழியில் பிரிந்துவிடுகின்றன. 20 நொடி அலைகள் முதலில் வந்து சேரும், பிறகு 17, பிறகு 15. இந்த இடைவெளியைக் கொண்டு புயல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று ஒன்பதாம் வகுப்பு மாணவரே கணக்கிட முடியும்.

கணக்கு இதுதான். அலைக்கூட்டம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகரும் என்று அறிய அலைவு நேரத்தை 2.8-ஆல் பெருக்குங்கள். 20 நொடி அலைக்கு மணிக்கு 56 கி.மீ.; 15 நொடி அலைக்கு 42 கி.மீ. இப்போது, 20 நொடி அலை வந்து சரியாக 24 மணி நேரம் கழித்து 15 நொடி அலை வந்தது என்று வைத்துக்கொள்வோம். தூரம் 'தூ' என்றால், தூ-வை 42-ஆல் வகுத்து, அதிலிருந்து தூ-வை 56-ஆல் வகுத்ததைக் கழித்தால் 24 வர வேண்டும். தீர்த்தால் தூரம் 4032 கி.மீ.! 20 நொடி அலை அந்தத் தூரத்தைக் கடக்க 72 மணி நேரம் எடுத்திருக்கும். ஆக, மிதவைக்கு முதல் அலை வந்ததற்கு மூன்று நாள் முன்பு, சுமார் 4000 கி.மீ. தள்ளி, ஒரு புயல் வீசியிருக்க வேண்டும். அலை வந்த திசையைக் கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டால் உலகப்படத்தில் ஒரு புள்ளி வைத்துவிடலாம்.

இப்போது திறவுங்கள், நீங்கள் முதல் நாள் காட்டிய அந்தச் சுழலும் வரைபடத்தை. எர்த் நல்ஸ்கூல் தளத்தில் தேதியைப் பின்னோக்கி நகர்த்த முடியும். மூன்று நாள் பின்னால் போய், புள்ளி வைத்த இடத்தில் காற்று சுழல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் அதே படம் பத்து நிமிடம்தான் தாக்குப்பிடித்தது. அதில் தேட அவர்களிடம் எதுவும் இல்லை. இந்த முறை அவர்கள் போட்ட கணக்கு சரியா என்று சொல்லப்போகிறது அந்தப் படம். வகுப்பில் எழும் சத்தத்தை நீங்களே கேட்பீர்கள்.

விடை கச்சிதமாக வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புயல் ஒரு புள்ளி அல்ல. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும். சில நூறு கிலோமீட்டர் பிசகினால் அது நல்ல விடைதான். கரையோர மிதவையை இதற்கு எடுக்காதீர்கள். 20 நொடி அலையின் நீளமே 600 மீட்டருக்கு மேல். ஆழம் அதில் பாதிக்கும் குறைந்துவிட்டால் தரை அலையைத் தொடத் தொடங்கும், இந்தச் சூத்திரம் பொருந்தாது.

1963-இல் வால்டர் மங்க் என்ற கடலியலாளரும் அவருடைய குழுவும் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை அளவீட்டு நிலையங்களை வரிசையாக வைத்து, தென்கோளத்தின் புயல்களில் பிறந்த அலைகள் பசிபிக்கைக் குறுக்கே கடந்து வருவதைப் பின்தொடர்ந்தார்கள். அலைகள் வந்து சேர்ந்த வரிசையை வைத்துப் புயலின் தூரத்தைக் கணக்கிட்டார்கள். உங்கள் மாணவர்கள் செய்யப்போவதும் அடிப்படையில் அதே கணக்குதான். அதை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வண்ண வரைபடங்களைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தச் சுழலும் படத்தில் கடல் முழுக்க இடைவெளியே இல்லாமல் நிறம் பூசியிருக்கும். கடலில் அவ்வளவு இடத்தில் கருவி கிடையாது. கொஞ்ச இடங்களில் அளந்ததை வைத்து, மீதியைக் கணினியில் ஓடும் கணித மாதிரி ஒன்று கணித்து நிரப்புகிறது. மாதிரிகள் நல்லவை, நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் எது அளந்தது, எது கணித்தது என்று மாணவர் பிரித்துச் சொல்லத் தெரிந்துகொள்ள வேண்டும். நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தால் மேகம் மறைத்த இடமெல்லாம் அப்படியே தெரியும். ஒரே நாளின் இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்றில் ஓட்டை இருக்கிறது, மற்றதில் இல்லையே, ஏன் என்று கேளுங்கள்.

மிதவை பழகிய பிறகு, ஆழத்துக்குள் இறங்க விரும்பினால் ஆர்கோ இருக்கிறது. பெருங்கடல்களில் சுமார் 4000 ஆர்கோ கருவிகள் மிதந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 1000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டே இருந்து, பொதுவாக 10 நாளுக்கு ஒரு முறை 2000 மீட்டர்வரை இறங்கி, அங்கிருந்து மேலே ஏறும் வழியெல்லாம் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து, செயற்கைக்கோள் வழியாக அனுப்பிவிட்டு மறுபடியும் மூழ்கிவிடும். அனேகமாக ஒரு நாளுக்குள் அந்தத் தரவு எல்லோருக்கும் திறந்துவிடப்படுகிறது. 10 நாளுக்கு ஒரு முறை என்பது பள்ளிக்கு மிக வசதியான வேகம். வகுப்புக்கு ஒரு கருவி என்று வைத்துக்கொண்டு, அடுத்த முறை எங்கே தலைகாட்டும் என்று உலகப்படத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். தென்பெருங்கடலை ஆராயும் சாக்கம் என்ற திட்டம் பள்ளி வகுப்புகள் இப்படி ஒரு கருவியைத் தத்தெடுத்துப் பெயர் சூட்டவே வழி செய்திருக்கிறது.

ஆர்கோவில் இன்னொரு நல்ல அம்சம், ஒவ்வொரு அளவீட்டுக்கும் பக்கத்தில் ஒரு தரக்குறி இருக்கும். 1 என்றால் நல்லது, 2 நல்லதாக இருக்கலாம், 3 மோசமாக இருக்கலாம், 4 மோசம். உடனடியாக வரும் தரவுக்கு இந்தக் குறியைப் பெரும்பாலும் நிரல்கள் தானாகப் போடுகின்றன. பல மாதம் கழித்து நிபுணர்கள் உட்கார்ந்து திரும்பவும் பார்த்துத் திருத்துகிறார்கள். அதாவது நீங்கள் இன்று இறக்கிய எண் அடுத்த ஆண்டு கொஞ்சம் மாறியிருக்கலாம். உடனே கிடைக்க வேண்டுமா, துல்லியமாகக் கிடைக்க வேண்டுமா என்ற இழுபறியைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஓதத்தில் ஆர்வமுள்ள வகுப்பு என்றால், யுனெஸ்கோவின் அரசுகளிடைக் கடலியல் ஆணையம் நடத்தும் கடல்மட்டக் கண்காணிப்புத் தளத்தில் உலகெங்கும் உள்ள துறைமுகங்களின் அளவீடு வரைபடமாகவே கிடைக்கும். உயர் ஓதம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதை ஒரு வாரத்திலேயே பார்த்துவிடலாம்.

கணினி, இணையம் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டிய அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. மிதவைக் கோப்பு வெறும் எழுத்துதான். ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. இணையம் இருக்கும் நேரத்தில் இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். நேற்றைய தரவு வகுப்புக்குத் தாராளமாகப் போதும். குழுவுக்கு ஒரு தாள் அச்செடுத்து, வரைபடத் தாளில் கையால் வரையட்டும். சொல்லப்போனால் முதல் இரண்டு வாரம் கையால் வரைவதையே நான் விரும்புவேன். எம்எம் வரும் இடத்தில் பென்சில் தானாக நின்றுவிடும், கோட்டை இழுத்து இணைப்பதா, விட்டுவிடுவதா என்று கை கேட்கும். எக்செல் அதைக் கேட்காது. பிறகு கணினிக்குப் போகும்போது எக்செல் போதும். கோடாப் என்ற இலவசக் கருவி உலாவியிலேயே ஓடும். பத்தியின் பெயரை இழுத்து அச்சில் போட்டால் வரைபடம் வந்துவிடும், இந்த வயதுப் பிள்ளைகளுக்காகவே செய்ததுபோல இருக்கும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா 'டேட்டா இன் தி கிளாஸ்ரூம்' என்ற பெயரில் எல் நினோ, கடல்மட்டம், பவள வெளுப்பு போன்ற தலைப்புகளில் படிப்படியான பாடங்களை வைத்திருக்கிறது. பாடத்தை அப்படியே நடத்துவதைவிட, ஒரு எளிய கேள்வியிலிருந்து மாணவரின் சொந்தக் கேள்விவரை அவர்கள் எப்படி ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். கல்லூரி மாணவர்களுக்கான கடல்தரவுப் பாடங்களும் இணையத்தில் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு இப்போது அவை வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் தரவைத் திறப்பதற்கு முன் கணிப்பை எழுதி வாங்கிவிடுங்கள். நாளை காலை நீரின் வெப்பநிலை எவ்வளவு இருக்கும், எதனால் அப்படி நினைக்கிறாய், இரண்டே வரி. எழுதாமல் பார்த்த எண்ணைப் பார்த்து எல்லோரும் 'நான் நினைச்சேன்' என்பார்கள். எழுதிவைத்தவருக்குத்தான் தான் எங்கே விலகினோம் என்று தெரியும். மதிப்பெண் போடுவதென்றால் கணிப்பு பலித்ததற்குப் போடாதீர்கள். காரணத்துக்குப் போடுங்கள், தவறிய பிறகு எழுதும் திருத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடப் போடுங்கள்.

இன்னொன்றையும் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மிதவைத் தரவைப் பார்த்துவிட்டுக் கடலில் இறங்கலாமா என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. கோப்பில் அலை உயரம் 2 மீட்டர் என்றால் அது அந்த நேரத்தின் பெரிய அலைகளில், மேல் மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனியொரு அலை அதைப்போல இரண்டு மடங்குவரை எழலாம். தவிர, ஆழ்கடலில் அளந்தது கரையில் அப்படியே இருக்காது. அந்த முடிவுக்கு அதிகாரபூர்வ எச்சரிக்கைகள் இருக்கின்றன, அவற்றை மட்டும்தான் கேட்க வேண்டும்.

மிதவையைத் தேர்ந்தெடுக்கும்போது, பெயர் தெரிந்த இடம் என்பதற்காக எடுக்காதீர்கள். கடைசி 45 நாளைத் திறந்து, நீரின் வெப்பநிலையும் அலையும் பெரும்பாலும் தொடர்ச்சியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கங்கே சில ஓட்டைகள் இருந்தால் நல்லது, பாதிக்கு மேல் ஓட்டை என்றால் வேறு மிதவைக்குப் போய்விடுங்கள். பக்கத்தில் ஒப்பிட இன்னொரு மிதவை இருக்க வேண்டும். புயல் கணக்குக்கு ஆழ்கடல் மிதவையாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்தவுடன் அன்றைக்கே ஒரு நகல் சேமித்துவிடுங்கள். 45 நாளுக்கு முந்தைய வரிகள் இந்தக் கோப்பிலிருந்து நகர்ந்துவிடும். பழைய தரவுக் கிடங்கில் அவை பின்னால் கிடைக்கும் என்றாலும், எம்எம் இருந்த இடத்தில் 99, 999 என்று வேறு வடிவத்தில் கிடைக்கும். மாதத்துக்கு ஒரு முறை கோப்பை இறக்கித் தேதி போட்டுச் சேமிக்கும் பொறுப்பை, 999 டிகிரியைக் கண்டுபிடித்த அந்த மாணவியிடம் கொடுக்கலாம்.